மலக்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தால்: கீமோவையும் அறுவையையும் எந்த வரிசையில் செய்வது? முழுமையான வழிகாட்டி

மலக்குடலில் கட்டி, கல்லீரலில் நான்கைந்து புள்ளிகள், சில சமயம் நுரையீரலில் ஒன்றிரண்டு. ரிப்போர்ட்டில் இதை நான்காம் நிலை என்று எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்ட எல்லோருக்கும் ஒரே வழி கிடையாது. பரவல் கல்லீரலோடோ நுரையீரலோடோ நின்றிருந்தால், மருந்தையும் கத்தியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி நோயை முழுக்க அகற்றப் பார்க்கலாம். கல்லீரல் புள்ளிகளை வெட்டியெடுத்த 612 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 2007இல் வெளியான அமெரிக்கக் கட்டுரையில், பத்தாண்டைத் தாண்டியவர்கள் 102 பேர். ஆறில் ஒருவர்.

இந்த வழியில் பலர் தடுக்கி விழுவது மருந்தினால் அல்ல, வரிசை தவறுவதால். நோயாளியோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வீட்டு மனிதருக்காக இது எழுதப்பட்டது. இதில் வரும் அளவுகள், உங்கள் டாக்டர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள மட்டுமே. நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

1. முதல் கீமோவுக்கு முன்பே கல்லீரல் சர்ஜனிடம் காட்டுங்கள்

"முதல்ல ஆறு மாசம் கீமோ போடுவோம், அப்புறம் ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்." அதிகம் கேட்கக் கிடைக்கும் வாக்கியம் இது. அதிகம் கெடுப்பதும் இதுதான்.

காரணம் மூன்று. கீமோ போட்டதும் சின்னப் புள்ளிகள் ஸ்கேனில் மறையும். எங்கே இருந்தன என்ற வரைபடம் முன்பே சர்ஜன் கையில் இல்லாவிட்டால் பிறகு தேட வேண்டும். கீமோ கல்லீரலையும் சேதப்படுத்தும். ஆறு மாதம் ஓட்டிய கல்லீரல் பெரிய ஆபரேஷனைத் தாங்குவது கடினம். மூன்றாவது, கதிர்வீச்சை எந்த இடைவெளியில் நுழைப்பது என்பதும் ஆபரேஷன் தேதியை வைத்துத்தான் முடிவாகும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி: "இந்தக் கேஸை ட்யூமர் போர்டில் வைத்தீர்களா? கல்லீரல் சர்ஜன் அங்கே இருந்தாரா?" மலக்குடல் சர்ஜன், கல்லீரல் சர்ஜன், கீமோ டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், ஸ்கேன் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் என ஐந்து பேரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனையில் கல்லீரல் சர்ஜன் இல்லையென்றால் ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டை வாங்கி வெளியே காட்டுங்கள். ஃபிலிமை ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான அடுக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துத்தான் ரத்தக் குழாய்க்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள்.

2. ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்

கொலோனோஸ்கோபியும் பயாப்ஸியும் முதலில். குழாய் கட்டியைத் தாண்டிப் போக முடிந்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். போகவில்லையென்றால் மேலே உள்ள குடல் இன்னும் பார்க்கப்படவில்லை என்று பொருள். அங்கே இன்னொரு கட்டி இருக்கலாம். அந்தக் கடனை ஆபரேஷனுக்குப் பிறகாவது அடைக்க வேண்டும்.

நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி. இடுப்புக்குத் தனியாக எம்ஆர்ஐ. அந்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இல்லாவிட்டால் திருப்பிக் கேட்கலாம்: கட்டியின் கீழ் விளிம்பு ஆசனவாயிலிருந்து எத்தனை செ.மீ., மலக்குடலைச் சுற்றிய கொழுப்பு உறையின் வெளிச்சவ்வுக்கும் கட்டிக்கும் இடைவெளி எவ்வளவு, ஆசனவாயை மூடும் தசையைத் தொட்டிருக்கிறதா. அந்த இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் நேரடியாகக் கத்தி வைக்க மாட்டார்கள்.

கல்லீரலில் புள்ளி இருந்தால் கல்லீரலுக்கென்று தனி எம்ஆர்ஐ, கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் கான்ட்ராஸ்ட் மருந்தோடு. சிடியில் தெரியாத சிறு புள்ளிகள் இதில் தெரியும். கீமோ தொடங்கிய பின் எடுத்தால் பாதிப் பயன் போய்விடும்.

பெட் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, அதனால் இவையெல்லாம் வேண்டாம் என்று நினைப்பது வழக்கமான தவறு. பெட்டில் சிறு புள்ளிகள் தவறும், சளி சுரக்கும் வகைக் கட்டிகள் சரியாக ஒளிராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குக் குடல் முழுவதும் ஒளிர்ந்து படத்தைக் குழப்பும். எந்த மருந்தை எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள்.

பயாப்ஸித் துண்டில் செய்ய வேண்டியவை: ராஸ், பிராஃப் மரபணு மாற்றங்கள், எம்எம்ஆர் என்ற டிஎன்ஏ பழுதுநீக்கப் புரதங்கள், முடிந்தால் ஹெர்2 என்ற புரதம். இதில் எம்எம்ஆர் முடிவை முதலில் துரத்துங்கள். அந்தப் புரதம் குறைந்த கட்டி உள்ளவர்கள் நூற்றில் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்கு இந்த வழிகாட்டியின் வரிசையே பொருந்தாது. அவர்களுக்கு முதல் தேர்வு பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து. கீமோவை விட இரு மடங்கு காலம் அது நோயைக் கட்டிவைக்கிறது என்று 2020இல் வந்த ஆய்வு காட்டியது: 16.5 மாதம், கீமோவில் 8.2.

ரத்தத்தில் சிஇஏ (கட்டி சுரக்கும் ஒரு புரதம்) அளவு கீமோவுக்கு முன் ஒருமுறை கட்டாயம். பின்னால் ஒப்பிட அதுதான் அடிப்படை அளவு. கூடவே ஹெபடைடிஸ் பி பரிசோதனை. உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸ் கீமோவில் விழித்துக் கல்லீரலைத் தாக்கும். முன்பே தெரிந்தால் மாத்திரையால் தடுக்கலாம். டிபிஒய்டி மரபணுப் பரிசோதனைக்கு வசதியிருந்தால் அதையும் செய்துவிடுங்கள். அதன் காரணம் 6ஆம் பகுதியில்.

ஒரு எச்சரிக்கை. கல்லீரல் புள்ளியை வெட்டியெடுக்க வாய்ப்பிருந்தால், அதில் ஊசி குத்தி பயாப்ஸி எடுக்கும் முன் கல்லீரல் சர்ஜனைக் கேட்க வேண்டும். ஊசி போன பாதையில் செல்கள் சிந்திப் புதிய கட்டி முளைக்கலாம். படமும் சிஇஏவும் தெளிவாக இருக்கும்போது அந்த ஊசி பெரும்பாலும் தேவையே இல்லை.

3. எத்தனை புள்ளி என்று எண்ணாதீர்கள், எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்று கேளுங்கள்

கல்லீரல் மீண்டும் வளரும் உறுப்பு. அதனால் கணக்கு மிச்சத்தில்தான் இருக்கிறது. நல்ல கல்லீரல் என்றால் 20 சதவீதம் மிஞ்சினால் போதும். நீண்ட கீமோ வாங்கிய கல்லீரலுக்கு 30, சிரோசிஸ் இருந்தால் 40. மிஞ்சுவதில் அடுத்தடுத்த இரண்டு பகுதிகளாவது இருந்து, அவற்றுக்கு உள்ளே வரும் ரத்தமும் வெளியேறும் ரத்தமும் பித்தக் குழாயும் கெடாமல் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்தக் கல்லீரல் 1,300 மி.லி. வலப் பக்கத்தை எடுத்தால் மிஞ்சுவது 300 மி.லி., அதாவது 23 சதவீதம். இன்று கீமோ படாத கல்லீரலுக்கு இது போதும். ஆறேழு சைக்கிள் (சுற்று) கீமோ போன பிறகு இதே 300 போதாது, 390 வேண்டும். அதே ஆள், அதே புள்ளிகள். தாமதம் மட்டும்தான் விடையை மாற்றியது.

போதாதபோது, எடுக்கப்போகும் பக்கத்துக்குச் செல்லும் போர்ட்டல் ரத்தக் குழாயை அடைத்துவிடுவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபக்கம் வளரும். வளராவிட்டால் அதுவே ஒரு தகவல்: இந்தக் கல்லீரல் பெரிய வெட்டைத் தாங்காது. இரு பக்கமும் புள்ளிகள் என்றால் இரண்டு தவணையாக எடுப்பார்கள். 3 செ.மீ.க்குள் உள்ள புள்ளிகளை ஊசி வழியே சூடேற்றிச் சுடுவதும் வெட்டுவதோடு சேரும்.

இந்தக் கணக்கு முடிந்தால் உங்கள் இடம் தெரிந்துவிடும்: இப்போதே எடுக்கக்கூடியது, சுருங்கினால் எடுக்கக்கூடியது, எடுக்க முடியாதது. இரண்டாவது இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் வரிசை உயிர்நாடி.

மூன்றாவது இடத்தில், மலக்குடல் கட்டி வலியோ அடைப்போ ரத்தப்போக்கோ தராதபோது "அதை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்" என்று வீட்டார் கெஞ்சுவதுண்டு. பரவலை எடுக்க முடியாத பெருங்குடல் நோயாளிகளிடம் ஜப்பானில் இதைச் சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவு: மூலக் கட்டியை எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 25.9 மாதம், கீமோ மட்டும் கொடுத்தவர்களுக்கு 26.7. ஆபரேஷனால் லாபமில்லை, கீமோதான் தள்ளிப்போனது. கல்லீரலில் மட்டுமே நோய் நின்று, கீமோவுக்கு நீண்ட நாள் அடங்கியிருப்பவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை என்ற வாசல் இப்போது திறந்திருக்கிறது. 2024இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் மாற்று செய்தவர்களில் 57 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தார்கள், கீமோ மட்டும் வாங்கியவர்களில் 13. தேர்வு மிகக் கடுமையானது, அரிதான சிலருக்கே.

4. மலம் போகும் வழியை முதலில் உறுதிசெய்யுங்கள்

பென்சில் போல மெலிந்த மலம், வயிறு உப்பல், வாந்தி, காற்றுகூடப் பிரியாமை. இவை இருந்தால் கீமோ நாளைக் குறிக்கும் முன் வழி திறக்க வேண்டும். கீமோவின் நடுவில் வெள்ளை அணுக்கள் விழுந்திருக்கும்போது குடல் அடைத்து அவசர ஆபரேஷன் என்றால் ஆபத்து பல மடங்கு.

மலக்குடலின் கீழ்ப்பகுதியில் ஸ்டென்ட் (வழியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைப்பது நல்ல வழியல்ல. ஆசனவாயிலிருந்து 5 செ.மீ.க்குள் அது உட்கார்ந்தால் ஓயாத முக்கலும் வலியும். பெவாசிசுமாப் (கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து) போடும் எண்ணமிருந்தால் ஸ்டென்ட் உள்ள இடத்தில் குடல் ஓட்டையாகும் அபாயமும் கூடும். வயிற்றில் வழி திறந்து பை பொருத்துவது பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் நிம்மதியாகக் கீமோ தொடங்க வைப்பது அதுதான்.

5. தொடங்கும் முன் ஒரு வாரத் தயாரிப்பு

ஹீமோகுளோபின் குறைந்திருப்பது இந்த நோயில் வழக்கம். மாதக்கணக்கில் ரத்தம் கசிந்திருக்கும். இரும்பு மாத்திரை வயிற்றைக் கட்டும், மெதுவாகத்தான் வேலை செய்யும். டிரிப்ஸ் வழியே இரும்பு ஏற்ற முடியுமா என்று கேளுங்கள்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம். 58 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 87 கிராம். கஞ்சியும் ரசம் சாதமும் அந்த அளவைத் தராது. முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் என்று நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நோயாளி என்று சொல்லிப் பத்தியம் போடுவதுதான் எடையைக் கரைக்கிறது.

பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை எல்லாம் இன்றோடு நிறுத்தம். சொத்தைப் பல்லை இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் என்ற வரம்பை மனதில் வைத்து, கீமோவுக்கும் இரண்டு ஆபரேஷனுக்கும் எந்தெந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்று ஒரே நாளில் விசாரித்துவிடுங்கள். கீமோ ஓரிடம், கல்லீரல் ஆபரேஷன் ஓரிடம் என்று பிரியும்போது பணம் பாதியில் தீர்வதுண்டு.

6. மருந்து: எது, எவ்வளவு, எதைக் கவனிப்பது

அடிப்படை ஜோடி இரண்டு. கேப்பாக்ஸ்: முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 130 மி.கி.; பிறகு கேபசிட்டபின் மாத்திரை வேளைக்குச் சதுர மீட்டருக்கு 1,000 மி.கி., காலை மாலை 14 நாள். ஏழு நாள் ஓய்வு. ஃபால்ஃபாக்ஸ்: அதே சதுர மீட்டர் கணக்கில் ஆக்சாலிபிளாட்டின் 85, லூக்கோவோரின் 400, ஃபைவ் எஃப்யூ 400 உடனடியாகவும் 2,400 மி.கி. பம்ப் மூலம் 46 மணி நேரமும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பம்ப் என்றால் நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற மருந்தேற்றும் சிறு கருவியைப் பதிக்க வேண்டும்.

மாத்திரைக் கணக்கை வீட்டில் ஒருவர் போட்டுப் பார்க்க வேண்டும். உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ. இரண்டையும் பெருக்கி 3,600ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.6 சதுர மீட்டர். வேளைக்கு 1,600 மி.கி. வருகிறது. 500 மி.கி. மாத்திரையில் அதற்கு நெருக்கமாகக் காலை மூன்று, மாலை மூன்று. 14 நாளுக்கு 84 மாத்திரை. ஃபார்மசி கொடுத்த அட்டைகளை எண்ணிப் பாருங்கள். 21 நாளும் தொடர்ந்து விழுங்கிவிட்டு வாயெல்லாம் வெந்து வருபவர்கள் உண்டு; "சாப்பிட வேண்டாம்" என்ற ஏழு நாளைக் காலண்டரில் சிவப்பில் அடித்து வையுங்கள். சாப்பாடு முடிந்து 30 நிமிடத்துக்குள் மாத்திரை. ஒரு வேளை தவறினால் தவறியதுதான். அடுத்த வேளை இரட்டிப்பாக்கக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறையும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லியாக வேண்டும். கேபசிட்டபின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

சிலருக்குப் பிறவியிலேயே கேபசிட்டபினையும் ஃபைவ் எஃப்யூவையும் உடைக்கும் நொதி குறைவு. டிபிஒய்டி பரிசோதனை அதைத்தான் கண்டுபிடிக்கிறது. பரிசோதிக்காமல் தொடங்கியிருந்தால், முதல் சைக்கிளின் முதல் பத்து நாளுக்குள்ளேயே கடும் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவது எச்சரிக்கை மணி. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆக்சாலிபிளாட்டினின் தனிக் குணம் குளிர். டிரிப்ஸ் முடிந்து ஐந்தாறு நாள் வரை ஃப்ரிட்ஜ் தண்ணீரோ குளிர்ந்த மோரோ குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றது போலிருக்கும். விடிகாலையில் எவர்சில்வர் சொம்பைத் தொட்டாலே விரலில் மின்சாரம் பாயும். இது தானாகத் தணிந்துவிடும். தணியாமல் சேர்ந்துகொண்டே போகும் மரத்துப்போதல்தான் கவலைக்குரியது. சட்டைப் பொத்தான் போட, ஊசியில் நூல் கோக்க, பூத் தொடுக்க முடிகிறதா என்று ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். "பரவாயில்ல டாக்டர்" என்று மறைத்தால் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இந்த மருந்தை உப்பு நீரில் கலக்கக் கூடாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு குளுக்கோஸ் பாட்டிலா என்று வார்டில் பதற வேண்டாம். குளோரைடு பட்டால் மருந்து சிதையும்.

கூடுதல் மருந்து சேர்ப்பது இடத்தைப் பொறுத்தது. ராஸ் மாற்றமில்லாமல், சுருக்கி எடுக்க வேண்டிய நிலை என்றால் செடுக்சிமாப் அல்லது பானிட்டுமுமாப். மாற்றம் இருந்தால் பெவாசிசுமாப், வலிமையுள்ளவர்களுக்கு இரினோடெக்கானும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு. ஆனால் இப்போதே எடுக்கக்கூடிய புள்ளிகளுக்கு "எதுக்கும் இருக்கட்டும்" என்று செடுக்சிமாப் சேர்க்கக் கூடாது. பிரிட்டனில் அப்படிச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் சேர்த்தவர்களே குறைந்த காலம் வாழ்ந்தார்கள். விலை அதிகமான மருந்து நல்ல மருந்து என்று எண்ணி நோயாளி வீட்டாரே அதைக் கேட்டு வாங்குவதுண்டு, கேட்காதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனை. பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து, குறிப்பாக மருந்து போட்ட 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை. வழக்கத்தை விட நாலு முறைக்கு மேல் மலம் கழித்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஃபோன் செய்ய வேண்டும்.

7. ஐந்து நாள் கதிர்வீச்சு எங்கே நுழைகிறது

எம்ஆர்ஐயில் 2ஆம் பகுதியில் சொன்ன அந்த 1 மி.மீ. இடைவெளி ஆபத்தில் இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, கதிர்வீச்சு தேவைப்படும். முழு உடலிலும் நோய் இருக்கும்போது ஐந்தரை வாரக் கதிர்வீச்சில் உட்காருவது சரியல்ல. அந்த நாட்களில் முழு அளவுக் கீமோ கொடுக்க முடியாது, கல்லீரல் புள்ளிகள் சும்மா வளரும். அதனால் நாளைக்கு 5 கிரே (கதிர்வீச்சின் அலகு) வீதம் ஐந்து நாள், மொத்தம் 25 கிரே என்ற குறுகிய முறை.

நெதர்லாந்தில் 50 பேரிடம் இதை இப்படிச் செய்து பார்த்தார்கள்: முதலில் ஐந்து நாள் கதிர்வீச்சு, பிறகு பெவாசிசுமாபோடு கேப்பாக்ஸ், பிறகு ஆபரேஷன். 36 பேருக்கு எல்லா இடத்திலும் நோயை முழுமையாக அகற்ற முடிந்தது.

காலண்டரில் அது ஏறக்குறைய இப்படி விழும். முதல் வாரம் கதிர்வீச்சு. 3, 6, 9, 12ஆம் வாரங்களில் கேப்பாக்ஸ். பெவாசிசுமாப் 3, 6, 9 வரை மட்டும், நான்காவது சைக்கிளில் கிடையாது. 11ஆம் வாரம் ஸ்கேன், போர்டு. 17ஆம் வாரம் ஆபரேஷன். ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் தேதி முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். நான்காவது சைக்கிள் முடிந்த பிறகு அறை தேடினால் ஒரு மாதம் போய்விடும். அந்த இடைவெளியை நிரப்ப இன்னும் இரண்டு சைக்கிள் ஏறிவிடும்.

8. இரண்டு மாதத்தில் ஸ்கேன், பிறகு நிறுத்தத் தெரிய வேண்டும்

ஃபால்ஃபாக்ஸ் என்றால் நான்கு சைக்கிளுக்குப் பிறகு, கேப்பாக்ஸ் என்றால் மூன்றாவது சைக்கிள் வாக்கில் ஸ்கேன். முடிந்தவரை அதே மையத்தில், அதே முறையில் எடுங்கள். வேறு கருவியின் படத்தோடு ஒப்பிட்டால் 2 மி.மீ. வித்தியாசத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது. முதல் நான்கைந்து வாரத்தில் சிஇஏ ஏறுவது கட்டி உடையும்போதும் நடக்கும். அதை மட்டும் பார்த்து மருந்தை மாற்றச் சொல்ல வேண்டாம்.

ஸ்கேனில் புள்ளிகள் சுருங்கியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆசை: "நல்லா வேலை செய்யுது, இன்னும் நாலு போட்டா மறைஞ்சிடும்." புள்ளி படத்திலிருந்து மறைவதும் நோய் மறைவதும் வேறு வேறு. 2006இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், சிடியில் மறைந்த 66 புள்ளிகளில் 55இல் நோய் இருந்தது அல்லது அதே இடத்தில் திரும்பியது. மறைந்ததைச் சர்ஜனால் கையால் தொட்டும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஆழத்தில் உள்ள சிறு புள்ளிகளுக்கு, மறையும் முன்பே பக்கத்தில் ஓர் உலோகக் குறி வைத்துவிடுவது நல்ல யோசனை. கல்லீரல் சர்ஜனிடம் கேளுங்கள்.

கல்லீரலின் பக்கமும் பார்க்க வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் நுண் ரத்தக் குழாய்களை அடைத்துக் கல்லீரலை நீலமாக்கும். மண்ணீரல் பெருத்து பிளேட்லெட் இறங்குவது அதன் வெளிக்குறி. இரினோடெக்கான் கொழுப்பேற்றி மஞ்சளாக்கும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் இரண்டு மூன்று மாதக் கீமோவோடு நிறுத்தச் சொல்கிறார்கள். எடுக்கக்கூடியதாக ஆன நாளே ஆபரேஷன் நாளைக் குறிக்கும் நாள்.

9. கடைசி டிரிப்ஸுக்கும் கத்திக்கும் இடையே

கீமோ முடிந்து நான்கு முதல் ஆறு வாரம். பெவாசிசுமாப் முடிந்து குறைந்தது ஆறு வாரம். இந்த மருந்தில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய இருபது நாள் ஆகும். அதற்குள் வெட்டினால் காயம் ஆறாது, தையல் விடும், ரத்தம் கசியும். வேறு மருத்துவமனையில் ஆபரேஷன் என்றால் கடைசி பெவாசிசுமாப் தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "6 சைக்கிள் கீமோ" என்று மட்டும் இருக்கும், எதில் எது இருந்தது என்பது இருக்காது.

இந்த வாரங்களில் ஓய்வெடுத்துப் படுத்திருப்பது தவறு. தினம் அரை மணி நடை, மாடிப்படி, மூச்சுப் பயிற்சிக் கருவி, புரதம். பை வைக்க வாய்ப்பிருந்தால் ஸ்டோமா நர்ஸ் (பையைப் பராமரிக்கக் கற்றுத்தருபவர்) வயிற்றில் இடம் குறிக்க வேண்டும். படுத்து, உட்கார்ந்து, நின்று மூன்று நிலையிலும் பார்த்துக் குறிப்பார். வேட்டி, பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டுங்கள். நாடாவுக்கு அடியில் பை வந்தால் தினமும் கசியும்.

10. எதை முதலில் எடுப்பது

மூன்று வழி உண்டு. ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கல்லீரல்தான் என்பதால், மலக்குடல் தொல்லை தராமல் கல்லீரலில் அதிகம் இருந்தால் கல்லீரல் முதலில். கதிர்வீச்சு முடிந்து மலக்குடல் கட்டி சுருங்கக் காத்திருக்கும் வாரங்களிலேயே கல்லீரல் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்பது இந்த வழியின் வசதி. மலக்குடல் ஆபரேஷனை முதலில் செய்து தையல் கசிந்தால், மாதக்கணக்கில் கீமோ தடைபட்டுக் கல்லீரல் கைநழுவும்.

அடைப்பு, ரத்தப்போக்கு அடங்கவில்லை, கல்லீரலில் ஓரிரு புள்ளிதான் என்றால் மலக்குடல் முதலில்.

இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்வது, கல்லீரலில் சிறு வெட்டு போதுமானபோது நன்றாக நடக்கும். கல்லீரலில் பாதியை எடுப்பதும் மலக்குடலைத் தாழ்வாக வெட்டி இணைப்பதும் ஒரே நாளில் வேண்டாம். "ஒரே தடவையில முடிச்சிடுங்க" என்று செலவை நினைத்து வற்புறுத்துவது இங்கே விலை கூடிய முடிவு.

நுரையீரல் புள்ளிகள் பெரும்பாலும் கடைசியில், மூச்சுத் திறன் பார்த்துவிட்டு. கீழ் மலக்குடலின் ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரல் வழியே போகாமல் நேராக இதயத்துக்குப் போகிறது. அதனால் தாழ்வான கட்டிகளில் கல்லீரல் சுத்தமாக இருந்தும் நுரையீரலில் புள்ளி வரும்.

மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு சேர்த்து ஒரே பொதியாக எடுப்பதுதான் முறை. பிறகு வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் சுற்று விளிம்பு 1 மி.மீ.க்கு மேல் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

11. ஆபரேஷன் முடிந்த முதல் மாதம்

மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இதயத் துடிப்பு கூடுவது, காய்ச்சல், வயிறு உப்பி வலிப்பது ஆகியவை தையல் கசிவின் முன்னறிவிப்பு. கல்லீரல் ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாம் நாளில் பிலிருபின் 3க்கு மேல் இருந்து, ரத்தம் உறையும் நேரமும் நீண்டிருந்தால் மிச்சக் கல்லீரல் திணறுகிறது என்று பொருள். காலில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி வீட்டுக்குப் போன பின்னும் மொத்தம் 28 நாள் வரை தொடரலாம். வார்டோடு நின்றுவிட்டதா என்று கேளுங்கள்.

தையலைக் காக்கச் சிறுகுடலில் தற்காலிகப் பை வைத்திருந்தால், அதன் அளவை முதல் மாதம் தினமும் அளக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அளவுக் குவளையில் காலி செய்து நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் 1.5 லிட்டரைத் தாண்டினால் சிறுநீரகம் வற்றும். அப்போது வெறும் தண்ணீரும் இளநீரும் லிட்டர் கணக்கில் குடிக்க வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. உப்பில்லாத நீர் குடலிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு பைக்குப் போகும். குடிக்கக் குடிக்கக் கொட்டும். ஓஆர்எஸ் கரைசலைச் சரியான அளவு நீரில் கலந்து கொடுங்கள், அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

12. மீதிக் கீமோ

முன்னும் பின்னும் சேர்த்து மொத்தம் ஆறு மாதம் என்பது வழக்கமான கணக்கு. முன்பு மூன்று மாதம் போட்டிருந்தால் பின்பு மூன்று. காயம் ஆறி, சாப்பாடு திரும்பி, நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவார்கள்.

இது கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் போட வேண்டியதல்ல. கல்லீரல் புள்ளி எடுத்தபின் ஃபால்ஃபாக்ஸ் கொடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வில் நோய் திரும்புவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. விரல்கள் ஏற்கெனவே மரத்திருந்தால் ஆக்சாலிபிளாட்டினை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் போதுமா என்று கேட்கலாம். சிறுகுடல் பை இருக்கும்போது கேபசிட்டபின் வயிற்றுப்போக்கைத் தூண்டினால் நீரிழப்பு சீக்கிரம் முற்றும். பையை மூடிவிட்டுத் தொடங்குவதா, முடித்துவிட்டு மூடுவதா என்பதையும் போர்டிலேயே பேசிவிடுங்கள்.

13. பிறகு பார்க்க வேண்டிய தேதிகள்

முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு, வயிறு, இடுப்பு சிடி. பிறகு ஐந்தாண்டு வரை இடைவெளி விரியும். கொலோனோஸ்கோபி ஓராண்டில். தொடக்கத்தில் குழாய் கட்டியைத் தாண்டாதவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்துக்குள்.

பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் ஏதோ ஓரிடத்தில் திரும்புகிறது. கல்லீரலில் மீண்டும் ஒரு புள்ளி தெரிந்தால் உடனே அடுத்த கீமோவுக்குப் பெயர் கொடுக்காமல், பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி முதல் பகுதிக்குப் போங்கள்: கல்லீரல் சர்ஜன், மிச்சக் கணக்கு, போர்டு. இரண்டாம் முறையும் வெட்டவோ சுடவோ முடிகிறவர்கள் உண்டு.